கட்டளைத் தளத்தில் இருந்தவர்களின் பயோடேட்டா

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் மையத்தில் பயோடேட்டா எழுதும் வகுப்பு நடக்கும். நாங்கள் மூன்று பேர் அதை நடத்துகிறோம். மூவரும் சமூகப் பணியாளர்கள், மூவரும் அவரவர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பிள்ளைகள் படிப்பு, மதிப்பெண், கணினிப் பயிற்சி எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிவிடுவார்கள். ‘முன் அனுபவம்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். இரண்டு கோடை விடுமுறை முழுக்க டைல்ஸ் கடையில் சரக்கு இறக்கிய பையன் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவான். அம்மா படுத்துவிட்ட ஆறு மாதமும் அவருக்குப் பதிலாக நாலு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்த பெண்ணும் ‘இல்லை’ என்றே எழுதுவாள். அதையெல்லாம் எழுதினால் கேவலம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, ஊரே சேர்ந்துதான் சொல்லியிருக்கிறது.

இந்தத் தயக்கத்தை உடைக்க ஒரு பயிற்சி செய்து பார்த்தோம். எங்களில் ஒருவருக்கு ‘ஸ்டார் ட்ரெக்’ பைத்தியம். மற்ற இருவருக்கும் அந்த நோயை ஒட்டவைத்தவரும் அவர்தான். அந்த விண்கலத்தின் கட்டளைத் தளத்தில் இருந்த நடிகர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பயோடேட்டா எழுதுவோம் என்றார். எங்கே பிறந்தார்கள், அப்பா என்ன வேலை பார்த்தார், நடிக்க வருவதற்கு முன் இவர்கள் என்னென்ன செய்தார்கள், அந்த நாற்காலி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது. ஆளுக்கு ஒரு சார்ட் தாள். அவ்வளவுதான் பயிற்சி.

தொடர் தெரியாதவர்களுக்காக நாலு வரி. 1966 செப்டம்பர் 8ஆம் தேதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, மூன்று பருவங்கள், 79 அத்தியாயங்கள் ஓடி, 1969 ஜூனில் முடிந்தது. கதை நடப்பது 23ஆம் நூற்றாண்டில். எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தின் கட்டளைத் தளத்தில் ஒரு வெள்ளைக்காரத் தலைவர், வேற்றுக்கிரகத்துக்காரரான ஸ்போக், தகவல் தொடர்பு அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண், கலத்தைச் செலுத்துபவராக ஓர் ஆசியர், இரண்டாம் பருவத்திலிருந்து ஒரு ரஷ்யர். கீழே இயந்திர அறையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பாதுகாக்கும் சட்டம் வந்தே அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ரஷ்யா எதிரி நாடு. வியட்நாமில் போர். அந்த நேரத்தில் இப்படி ஒரு அறையைத் திரையில் காட்டியதால்தான் தொடர் இன்றும் பேசப்படுகிறது.

இந்த அறையைக் கற்பனை செய்த ஜீன் ராடன்பெரியின் தாளையே முதலில் எழுதினோம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பிறகு பான் ஆம் நிறுவனத்தில் பயணிகள் விமானம் ஓட்டினார். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையில் சேர்ந்து, அங்கே காவல் தலைவருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்தார். தொலைக்காட்சிக்குக் கதை எழுத வந்தது அதற்குப் பின்தான். “போலீஸ்காரரா!” என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

கேப்டனாக நடித்த வில்லியம் ஷாட்னர் மான்ட்ரியலில் பிறந்தவர். அப்பா ஆடைத் தொழில் செய்தார். மகன் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்துவிட்டு நாடகத்துக்குப் போனார். கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு விழாவில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். வெள்ளைக்காரர், பட்டதாரி, மேடைப் பயிற்சி உள்ளவர். தலைவர் நாற்காலிக்கு யார் தேர்வானார் என்பதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைதான் என்பதை ஓரத்தில் எழுதிக்கொண்டோம்.

ஸ்போக்காக நடித்த லெனார்ட் நிமாயின் தாள் நீளமாகிப் போனது. உக்ரைனிலிருந்து பாஸ்டனுக்கு வந்து சேர்ந்த யூதப் பெற்றோர். அப்பாவுக்கு முடிதிருத்தும் கடை. பையன் சிறு வயதில் தெருவில் நின்று செய்தித்தாள் விற்றான். நடிக்கப் போகிறேன் என்று கலிபோர்னியாவுக்குப் போன பிறகும் சுமார் பதினைந்து ஆண்டுகள் துண்டு துக்கடா வேடங்கள்தான். வயிற்றுப்பாட்டுக்கு டாக்சி ஓட்டினார். ‘அப்பாவுக்கு முடிதிருத்தும் கடை’ என்று சார்ட்டில் எழுதியபோது கடைசி வரிசையில் ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்ததை நாங்கள் மூவருமே கவனித்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஸ்போக் விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து வணக்கம் சொல்வாரே, அது சிறு வயதில் ஜெப ஆலயத்தில் குருமார்கள் ஆசீர்வதிக்கும்போது கண்ணை மூடாமல் திருட்டுத்தனமாகப் பார்த்த கை அசைவு. எந்தப் பயோடேட்டாவிலும் எழுத முடியாத அந்த அனுபவம்தான் உலகமே அறிந்த அடையாளமாகிவிட்டது.

கப்பல் மருத்துவராக வந்த டிஃபாரஸ்ட் கெல்லி ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகன். நிஜத்திலேயே மருத்துவராக ஆசைப்பட்டார், வீட்டில் பணம் இல்லை. பல ஆண்டுகள் கௌபாய் படங்களில் வில்லனாகத் துப்பாக்கி பிடித்தார். ஆசைப்பட்ட மருத்துவ வேலை நாற்பத்தாறு வயதில் கேமரா முன்னால் கிடைத்தது.

பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் ஸ்காட்லாந்துக்காரரே இல்லை, கனடாக்காரர். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஜூனோ கடற்கரையில் இறங்கிய கனடா பீரங்கிப் படை அதிகாரி. அன்றிரவு தங்கள் பக்கத்துக் காவலாளி ஒருவரே பதற்றத்தில் சுட, ஆறு குண்டுகள் பாய்ந்தன. நாலு காலில். நெஞ்சுக்கு வந்த ஒன்றைச் சட்டைப் பையில் இருந்த வெள்ளி சிகரெட் பெட்டி தடுத்தது. இன்னொன்று வலக்கை நடுவிரலைக் கொண்டுபோனது. பிறகு வானொலி நாடக நடிகரானார். குரலுக்கு விரல் தேவையில்லை. ஸ்டார் ட்ரெக்கில் பெரும்பாலான காட்சிகளில் அந்தக் கையை மறைத்தே நடித்தார். ஊனத்தை எழுதலாமா கூடாதா என்று எங்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு தம்பி அந்தத் தாளைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

அடுத்து ஜார்ஜ் டகேய், கலத்தைச் செலுத்தும் சுலு. இந்தத் தாளில் பள்ளி என்ற கட்டத்திலேயே மாட்டிக்கொண்டோம். டகேய் 1937இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய பிறகு, 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஒரு உத்தரவின்படி ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். டகேயின் குடும்பத்துக்கு முதலில் கிடைத்த இடம் சான்டா அனிடா பந்தய மைதானத்தின் குதிரை லாயம். பிறகு ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ரோவர் முகாம், பிறகு கலிபோர்னியாவின் டூலி லேக் முகாம். ஐந்து வயதுப் பிள்ளை முள்வேலிக்குள் இருந்த வகுப்பறையில் எழுந்து நின்று நாட்டுக்கு விசுவாச உறுதிமொழி சொன்னான். ஜன்னலுக்கு வெளியே காவல் கோபுரம். போர் முடிந்து லாஸ் ஏஞ்சலஸ் திரும்பியபோது கையில் ஒன்றும் இல்லை. வீடற்றவர்கள் திரியும் பகுதியில் தங்கினார்கள். அப்பாவுக்கு முதலில் கிடைத்தது உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை.

கட்டடக்கலை படிக்கப் போய், பாதியில் நாடகத்துக்கு மாறினார் டகேய். அவருடைய ஆரம்ப வேலைகளில் ஒன்று ஜப்பானிய ராட்சத மிருகப் படமான ‘ரோடன்’ படத்துக்கு ஆங்கிலக் குரல் கொடுப்பது. அவர் குரலை வாங்கிக்கொண்டார்கள், முகம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. குதிரை லாயத்திலிருந்து புறப்பட்ட அந்த முகத்தை வாராவாரம் வரவேற்பறைக்குக் கொண்டுவந்த தொடர் ஸ்டார் ட்ரெக். பின்னாளில் அந்த முகம் பழக்கப்பட்ட முகமானதால் கிடைத்த கவனத்தை அவர் முகாம்களைப் பற்றிப் பேசச் செலவழித்தார். 1981இல் அரசின் விசாரணை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். 1988இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் செய்தது.

கடைசித் தாள் நிஷெல் நிக்கோல்ஸ். உஹுரா.

சிகாகோவுக்கு அருகே ராபின்ஸ் என்ற சிறு நகரம், கறுப்பின மக்களே நிர்வகித்த ஊர். அவருடைய அப்பா அங்கே மேயராக இருந்தவர். மகள் பாலே நடனம் கற்றார், பாடினார். ட்யூக் எலிங்டன், லயனல் ஹாம்ப்டன் ஆகிய பெரும் இசைக்குழுக்களோடு ஊர் ஊராகப் போனார். தொலைக்காட்சியில் முதல் வேடம் ராடன்பெரியின் முந்தைய தொடரான ‘தி லெஃப்டினன்ட்’டில். கடற்படைப் பிரிவுக்குள் நிறவெறியைப் பற்றிய அத்தியாயம் அது. என்.பி.சி. அதை ஒளிபரப்ப மறுத்துவிட்டது. ஆக, அந்தத் திறமையை முதலில் அலமாரியில் வைத்துப் பூட்டிய அதே தொலைக்காட்சிதான் இரண்டு ஆண்டுகள் கழித்து அவரை உஹுராவாகக் காட்டியது.

திரையில் அவர் அதிகாரி, எல்லாரையும் போலச் சீருடை. சம்பளப் பட்டியலில் நிலைமை வேறு. மற்றவர்களைப் போன்ற ஒப்பந்தம் இல்லாமல் நாள் கணக்கில் கூலிக்கு அமர்த்தப்பட்டதையும், தனக்கு வந்த ரசிகர் கடிதங்கள் தன் கைக்கே வராமல் முடக்கப்பட்டதையும் அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முதல் பருவம் முடியும் சமயம், விலகிக்கொள்கிறேன் என்று ராடன்பெரியிடம் சொல்லிவிட்டார். பிராட்வே மேடை அவரை அழைத்துக்கொண்டிருந்தது. அந்த வார இறுதியில் ஒரு நிகழ்ச்சியில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்திக்கிறார். தன் பிள்ளைகள் விழித்திருந்து பார்க்க அனுமதிக்கும் தொடர் இது என்கிறார் கிங். விலகப் போவதாக இவர் சொன்னதும் கிங்கின் முகம் மாறுகிறது. கூடாது, நம் மக்கள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி உலகம் நம்மைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை, கதவு ஒரு முறை மூடினால் மூடியதுதான் என்கிற பொருளில் பேசுகிறார். நிக்கோல்ஸ் தங்கிவிட்டார். இதை அவரே பல மேடைகளில் விவரித்திருக்கிறார்.

இந்த இடத்தில் நாங்கள் கைதட்டலை எதிர்பார்த்தோம். வகுப்புக்கு உதவ வந்திருந்த ஒரு தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மையத்தில் படித்து, எங்கள் கண் முன்னால் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுடைய விளம்பரத் தாளில் அவள் படம் இருக்கிறது, இங்கே எல்லாரும் சமம் என்ற வாசகத்துக்குப் பக்கத்தில். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை அவளுடைய ஒப்பந்தத்தை முறித்துப் புதிதாகப் போடுகிறார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் நிரந்தரமாகிவிட்டார்கள். விட்டுவிடட்டுமா என்று எங்களிடம் மூன்று முறை கேட்டிருக்கிறாள். மூன்று முறையும் நாங்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: “பல்லைக் கடிச்சிட்டு இரும்மா. நீ வெளிய வந்துட்டா அடுத்து நம்ம பிள்ளைங்கள யாரு உள்ள விடுவா?”

அன்றைக்கு அவள் கேட்டாள்: “கிங் சொன்னது சரிதான்க்கா. இருன்னு சொன்னாரு, அவங்களும் இருந்தாங்க. அவங்க சம்பளத்தப் பத்தி யாரு போய்க் கேட்டா?”

எங்களிடம் உடனே பதில் இல்லை. ஸ்டார் ட்ரெக் பைத்தியத்துக்குத்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டாம் பருவத்தில் சேர்ந்த வால்டர் கோனிக், ரஷ்யர் செக்கோவாக நடித்தவர், பின்னாளில் சொன்ன சம்பவம். தனக்கும் டகேய்க்கும் ஒரே சம்பளம், நிக்கோல்ஸுக்கு மட்டும் குறைவு என்று நடிகர்களுக்குத் தெரியவந்தது. கோனிக் அதை நிமாயிடம் கொண்டுபோனார். நிமாய் நேராக நிர்வாகத்திடம் போனார். சம்பளம் சரிசெய்யப்பட்டது. 1973இல் அதே தொடரைக் கார்ட்டூனாக எடுத்தபோது, செலவைக் குறைக்க உஹுராவுக்கும் சுலுவுக்கும் வேறு நடிகர்களை வைத்துக் குரல் கொடுக்கத் திட்டமிட்டார்கள். அவர்கள் இருவரும் இல்லாமல் நான் வரமாட்டேன் என்று நிமாய் சொல்லிவிட்டார். இருவரும் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தச் சம்பவத்தை நாங்கள் அதற்கு முன்பு ஒரு நல்ல மனிதரின் நல்ல குணமாகத்தான் கேட்டிருந்தோம். அன்று வேறு மாதிரி கேட்டது. கோனிக் குழுவுக்குப் புதியவர். அவரால் நிர்வாகத்தை அசைக்க முடியாது, ஆனால் தன் சம்பளம் எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்ல முடியும், சொன்னார். நிமாய் இல்லாமல் தொடர் இல்லை என்ற நிலை. தன் சம்பளத்தை உயர்த்தச் சொல்லி ஏற்கெனவே கேட்டு வாங்கியவர். கேட்கும் வழி அவருக்குத் தெரியும், அதே வழியில் இன்னொருவருக்காகவும் போனார். தங்கச் சொன்னவர் வெளியே இருந்தார். தங்குவதன் செலவைக் குறைத்தவர்கள் உள்ளே பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள்.

கிங் சொன்னது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. தங்கியதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு சிறுமி உஹுராவைப் பார்த்துவிட்டு, டிவியில் ஒரு கறுப்புப் பெண் இருக்கிறாள், அவள் வேலைக்காரி இல்லை என்று வீட்டில் கத்தினாள். அந்தச் சிறுமிதான் ஹூப்பி கோல்ட்பர்க். கட்டட வேலை, பிணவறையில் சடலங்களுக்கு ஒப்பனை என்று பல வேலை பார்த்து நடிகையானவர். ஆஸ்கர் பரிந்துரை வரை போன பிறகும், 1988இல் அடுத்த தலைமுறை ஸ்டார் ட்ரெக்கில் தானாகக் கேட்டு வேடம் வாங்கினார். 1977இல் நாசா நிக்கோல்ஸைப் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்க வைக்கும் பிரசாரத்துக்கு அமர்த்தியது. 1978இல் தேர்வான 35 பேரில் ஆறு பெண்கள், மூன்று கறுப்பினத்தவர், ஓர் ஆசிய அமெரிக்கர். உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். 1993இல் ஸ்டார் ட்ரெக்கின் ஓர் அத்தியாயத்தில் சில நிமிடங்கள் நடிக்கவும் செய்தார். அதே ஆண்டு ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் முதன்முறையாக ஒரு கறுப்பின நடிகருக்குத் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. அவர் ஏவரி புரூக்ஸ், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த பேராசிரியர். பக்கத்து நாற்காலியிலிருந்து நடு நாற்காலிக்கு வர 27 ஆண்டுகள்.

ஆகவே தங்குவது வீண் என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் ஒருவரை ‘இரு’ என்று சொன்ன வாய்க்கு ஒரு கடன் ஏறிவிடுகிறது. சமூகவியலில் முதுகலை படிக்கும்போது அடையாளப் பிரதிநிதித்துவம் என்று பாடம் படித்தோம், தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்த விளம்பரத் தாளைத் திட்டுவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. எங்கள் மையத்தின் ஆண்டறிக்கை அட்டையிலும் அதே தங்கையின் படம்தான் இருக்கிறது என்பதை அவள் சொல்லித்தான் கவனித்தோம். மூன்று ஆண்டுகளில் அவளோடு ஒரு நாள் அந்த அலுவலகத்து வாசல் வரை நாங்கள் போனதில்லை. போகலாமா என்று கேட்டதும் இல்லை.

அந்த வாரமே உட்கார்ந்து அவளுடைய கடிதத்தை எழுதினோம். சேர்ந்த தேதி, ஒப்பந்தம் முறிக்கப்பட்ட தேதிகள், செய்யும் வேலைகள், தனக்குப் பின் சேர்ந்தவர்களின் நிலை. எல்லாம் அவள் வாயால் சொன்ன வரிசையில். உடன் வேலை பார்க்கும் ஒருவர் தன் சம்பளச் சீட்டின் நகலைக் கொடுத்தார். பெயர் வேண்டாம் என்று முதலில் சொன்னவர், மறுநாள் போன் செய்து பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் வட்டத்தின் கோனிக் அவர். கடிதம் கொடுக்கப் போனபோது எங்களில் இருவர் அவளோடு போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் தொழிலாளர் அலுவலர் இருக்கிறார், அங்கேயும் போவோம். அதற்குள் அவள் வேலையை விட்டுவிட முடிவெடுத்தாலும் சரி, இந்த முறை நாங்கள் ‘இரு’ என்று சொல்லப் போவதில்லை. முடிவு அவளுடையது.

ஆண்டறிக்கை அட்டையை மாற்றிவிடட்டுமா என்று கேட்டோம். “இருக்கட்டும்க்கா, படம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருசம் கீழ சம்பளத்தையும் போடுங்க” என்றாள்.

சார்ட் தாள்கள் இப்போதும் மையத்துச் சுவரில் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை டைல்ஸ் கடைப் பையன் ‘முன் அனுபவம்’ கட்டத்தில் இரண்டு கோடைகள், சரக்கு இறக்குதல், இருப்புக் கணக்கு என்று எழுதிக் கொண்டுவந்தான். உடையாமல் இறக்கத் தெரியும் என்பதையும் சேர்க்கலாமா என்று கேட்டான். சேர் என்றோம்.

இதைப் படிக்கிறவர்களில் அலுவலகத்தில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் பலர் உண்டு என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பவருடைய ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று அவரிடம் சொல்லுங்கள்.